மாறுவேடப் போட்டிக்குப் பிள்ளையைத் தயார் செய்வது எப்படி?

பள்ளி வாட்ஸ்அப் குழுவில் திங்கட்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்குச் செய்தி வரும்: வியாழக்கிழமை எல்கேஜி, யுகேஜி குழந்தைகளுக்கு மாறுவேடப் போட்டி. அடுத்த அரை மணி நேரத்தில் குழுவில் பாதிப் பேர் ஆன்லைனில் கிருஷ்ணர் டிரெஸ் தேடிக்கொண்டிருப்பார்கள். மீதிப் பேர் பக்கத்துத் தெருவில் வாடகைக் கடை எங்கே என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். இந்தச் செய்தியை முதல் தடவையாகப் பார்க்கிற அம்மா அப்பாக்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளை மேடையேற்றியவர்கள் தலைப்பாகை, மீசை பற்றிய பகுதியை மட்டும் படித்தால் போதும்.

முதலில் ஒரு கணக்கு. மேடையில் பிள்ளை நிற்கப்போவது ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு. ஆனால் வேஷத்தோடு எட்டரைக்கே வரச்சொல்வார்கள். முறை வரும்போது பதினொன்று ஆகியிருக்கும். அந்த இரண்டரை மணி நேரமும் பிள்ளை அந்த உடையோடுதான் உட்கார வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், பாத்ரூம் போக வேண்டும், பக்கத்தில் இருக்கும் அனுமாரோடு சண்டை போட வேண்டும். ஆகவே வேஷத்தைக் காத்திருக்கும் நேரத்துக்குப் பார்த்துத் திட்டமிடுங்கள். கடைசி வரிசையிலிருந்து பார்த்தாலும் இன்னார் என்று தெரிய இரண்டு, மூன்று அடையாளம் போதும். மற்றதெல்லாம் பிள்ளை வழக்கமாகப் போடும் பருத்தித் துணியாக இருக்கட்டும். கீழே சொல்லப்போவது எல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

பள்ளியில் கேட்க வேண்டியவை

கடைக்கு ஓடுவதற்கு முன்னால் வகுப்பு ஆசிரியைக்கு ஒரு போன் போடுங்கள். தலைப்பு ஏதாவது உண்டா, அதாவது தேசத் தலைவர்கள், காய்கறிகள், சமுதாயத்துக்கு உதவுகிறவர்கள் என்று ஏதேனும் சொல்லியிருக்கிறார்களா? பேச வேண்டுமா, நின்றுவிட்டு வந்தால் போதுமா? தமிழிலா, ஆங்கிலத்திலா? கத்தி, வேல், கம்பு போன்றவற்றை உள்ளே விடுவார்களா? பல பள்ளிகளில் அட்டைக் கத்திக்குக்கூட அனுமதி கிடையாது. அது தெரியாமல் வேலு நாச்சியார் வேஷம் போட்டுக் கூட்டிப்போனால் வாசலிலேயே வாளைப் பிடுங்கி வைத்துவிடுவார்கள்.

அப்புறம் முக்கியமான கேள்வி: மேடைக்குப் பின்னால் பெற்றோர் வரலாமா? வரக்கூடாது என்றால், தலையில் வைப்பது, கையில் கொடுப்பது எல்லாம் ஆசிரியையோ ஆயாவோ ஒரு கையால் மாட்டிவிடக்கூடியதாக இருக்க வேண்டும். நாற்பது பிள்ளைகளுக்கு நடுவே உங்கள் பிள்ளைக்கு மட்டும் பதினெட்டு ஊக்கு குத்திக்கொண்டிருக்க அவர்களுக்கு நேரம் இருக்காது.

யார் வேஷம்?

இங்கே பெரும்பாலும் நம் ஆசைதான் முந்திக்கொள்ளும். பிள்ளையின் சுபாவத்தைப் பாருங்கள். புது ஆட்களைக் கண்டால் அம்மா முந்தானைக்குள் ஒளிகிற பிள்ளைக்குக் கட்டபொம்மன் வேஷம் போட்டு முழங்கச் சொன்னால், மேடையில் அழுகைதான் முழங்கும். அந்தப் பிள்ளைக்கு மரம், கத்தரிக்காய், டிராஃபிக் சிக்னல் மாதிரி சும்மா நின்றாலே புரிந்துவிடும் வேஷம் நல்லது. துறுதுறுவென்று இருக்கும் பிள்ளைக்கு ஓடவும் குதிக்கவும் இடம் தரும் வேஷம். தலையில் ஹேர்பேண்டைக்கூட வைக்கவிடாத பிள்ளைக்குக் கிரீடம் வேண்டவே வேண்டாம்.

நாளையும் பார்க்க வேண்டும். ஜூலை 15 காமராஜர் பிறந்தநாள், தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கல்வி வளர்ச்சி நாள். ஆகஸ்டில் சுதந்திர தினம், அதே மாதத்திலோ செப்டம்பர் தொடக்கத்திலோ கிருஷ்ண ஜெயந்தி. செப்டம்பர் 5 ஆசிரியர் தினம். அதே நாள்தான் வ.உ.சி. பிறந்ததும். அக்டோபர் 2 காந்தி, 15 கலாம், நவம்பர் 14 நேரு, டிசம்பர் 11 பாரதி. ஒவ்வொரு நாளுக்கும் ஒரே வேஷத்தில் பத்துப் பேர் வரிசையில் நிற்பார்கள். அது ஒன்றும் குற்றமில்லை. பத்துப் பாரதிகள் வரிசையாக நிற்பதே ஒரு தனி அழகு. ஆனால் வாடகைக் கடையில் உங்கள் பிள்ளையின் அளவு காலியாகிவிடும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

ஆளைத் தேர்ந்தெடுத்ததும் ஒரு தாளில் அவருடைய அடையாளங்களை எழுதுங்கள். காமராஜருக்குத் தொளதொளப்பான வெள்ளைச் சட்டை, வேட்டி, தோளில் துண்டு. இவ்வளவுதான், முதல் தடவைக்கு இதைவிடச் சுலபமான வேஷம் கிடையாது. நேருவுக்கு வெள்ளைக் குல்லா, கழுத்து மூடிய மேல்கோட்டு, அதில் சிவப்பு ரோஜா. காந்திக்கு வட்டக் கண்ணாடி, கைத்தடி, முழங்கால் வரை வேட்டி. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. காந்தி அரையாடைக்கு மாறியது 1921 செப்டம்பர் 22ஆம் தேதி, நம் மதுரையில். மேலாடை இல்லாமல் நிற்கமாட்டேன் என்று பிள்ளை அடம்பிடித்தால், தென்னாப்பிரிக்காவில் கோட்டு சூட்டு போட்டிருந்த வக்கீல் காந்தியாகவே அனுப்பலாம். ‘நான் மதுரைக்கு வருவதற்கு முந்தைய காந்தி’ என்று ஒரு வரி சொல்லிவிட்டால் நடுவரும் நிமிர்ந்து பார்ப்பார். இடுப்பில் செருக ஒரு பொம்மைக் கடிகாரம் இருந்தால் அரையாடைக் காந்திக்கு எடுப்பாக இருக்கும். மொட்டைத்தலை காட்ட ரப்பர் தொப்பி விற்கிறார்கள். வேண்டாம். வியர்த்து அரிக்கும், பத்து நிமிடத்தில் பிள்ளை அதை உரித்து எறிந்துவிடும்.

ஆண்டாள் என்றால் ஒருபக்கம் சாய்ந்த கொண்டை, மாலை, இடது கையில் கிளி. மீனாட்சி என்றால் கிளி வலது கைக்குப் போய்விடும். கிளியைக் கை மாற்றிக் கொடுத்துவிட்டால் கூட்டத்தில் யாராவது ஒரு பாட்டி கட்டாயம் கண்டுபிடித்துச் சொல்வார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் கிளியைத் தினமும் இலைகளால் புதிதாகக் கட்டுகிறார்கள், மூக்குக்கு மாதுளம்பூ. நீங்கள் பச்சைச் சார்ட் பேப்பரில் வெட்டினால் போதும். ஆனால் அந்தச் சிவப்பு மூக்கை விட்டுவிடாதீர்கள், தூரத்திலிருந்து கிளி என்று காட்டிக்கொடுப்பது அதுதான்.

வாடகையா, வாங்குவதா, வீட்டில் செய்வதா?

கனமான ஜரிகை, நகை, கிரீடம் எல்லாம் சேர்ந்த சாமி வேஷம், ராஜா வேஷம், பரதநாட்டிய உடை இவற்றை வாடகைக்கு எடுங்கள். ஒரு தடவை போட்டபின் அலமாரியில் இடத்தைத்தான் அடைக்கும். வெள்ளை வேட்டி, சட்டை, பாவாடை சட்டை, கோட்டு போன்றவற்றை வாங்கலாம், பிறகும் உதவும். காய்கறி, பழம், மரம், சிக்னல், மழைத்துளி இதெல்லாம் வீட்டு வேலை.

வாடகைக் கடையில் படத்தைப் பார்த்துச் சம்மதிக்காமல் உடையைக் கையில் வாங்கிப் பிரியுங்கள். அக்குளையும் கழுத்தையும் மோந்து பாருங்கள். வியர்வை வாடை அடித்தால் வேறு கேளுங்கள். ஜிப் ஏறி இறங்குகிறதா, பின்பக்கக் கொக்கிகள் எல்லாம் இருக்கின்றனவா, உள்ளே லைனிங் துணி உண்டா? லைனிங் இல்லாத ஜரிகைத் துணி முதுகைப் பிடுங்கி எடுத்துவிடும். உள்ளே ஒரு மெல்லிய பனியனும் லெக்கின்ஸும் போட இடம் இருக்கிற அளவாக எடுங்கள். ஏற்கெனவே கிழிந்திருக்கும் இடங்களை அங்கேயே போனில் படம் எடுத்துக்கொண்டால், திருப்பிக் கொடுக்கும்போது முன்பணத்தில் பிடித்தம் பற்றி வாக்குவாதம் வராது. கிருஷ்ண ஜெயந்தி, சுதந்திர தின வாரங்களில் முந்தின நாள் போனால் மிச்சம் மீதிதான் கிடைக்கும்.

தைக்கக் கொடுப்பது என்றால் மதுரைக்காரர்களுக்கு வசதி. மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தில் பல காலமாகத் தையற்கடைகள் இருந்தன. இப்போது அவை குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வேஷம் கட்டுகிறவர்களுக்கு உடை தைத்துப் பழகிய கைகள் அவை. குட்டிப் பையன் அளவைச் சொன்னால் போதும், மேற்கொண்டு எதையும் விளக்க வேண்டியதில்லை. திருச்செந்தூர் பக்கத்து ஆட்களுக்குக் குலசேகரப்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசரா இருக்கிறது. வேஷம் கட்டி வீடு வீடாகப் போகும் ஊர் என்பதால் அந்தப் பருவத்தில் கிரீடம், சடைமுடி, நகை எல்லாம் கடைகளில் தொங்கும். சென்னையில் நகைக்கும் நாட்டிய உடைக்கும் மயிலாப்பூர். துணியும் லேஸும் மலிவாக வேண்டுமென்றால் பாரிமுனை, சௌகார்பேட்டைச் சந்துகள். மற்ற ஊர்களில் நாட்டிய வகுப்பு எடுக்கும் டீச்சரைக் கேளுங்கள், அவர்களுக்குத் தெரியாத வாடகைக் கடை இருக்காது.

ஆன்லைனில் வாங்குவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. படத்தில் பட்டு மாதிரி மின்னும், வந்து பார்த்தால் மளிகைக் கடை பை மாதிரி சரசரக்கும். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், ‘4-5 வயது’ என்று போட்டிருப்பதை நம்பாமல் நெஞ்சு, இடுப்பு, தோளிலிருந்து கணுக்கால் ஆகிய மூன்று அளவையும் டேப்பில் எடுத்து, அளவுப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பாரதி வேஷம், வீட்டிலேயே

அதிகம் கேட்கப்படும் வேஷம் இதுதான் என்பதால் இதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஆண் பிள்ளை, பெண் பிள்ளை யாருக்கும் போடலாம். அடையாளம் மூன்று: தலைப்பாகை, மீசை, கறுப்புக் கோட்டு. நமக்குக் கிடைத்திருக்கும் பாரதி படங்கள் எல்லாமே கறுப்பு வெள்ளை; கோட்டு கறுப்பு என்பது காலண்டர்களும் ஓவியங்களும் நம் கண்ணில் பதியவைத்த வழக்கம். அதனால் கருநீலமோ, அடர்ந்த சாம்பலோ இருந்தாலும் பாதகமில்லை. அண்ணனின் பழைய பிளேஸரில் பள்ளி பேட்ஜைப் பிரித்துவிட்டால் கோட்டு தயார். கை நீளமாக இருந்தால் வெட்டாமல் உள்பக்கம் மடித்து நூலோட்டம் போடுங்கள், பிறகு பிரித்துக்கொள்ளலாம்.

தலைப்பாகைதான் எல்லாரையும் படுத்தும். தலையிலேயே சுற்றிக் கட்டினால் ஐந்து நிமிடத்தில் கண்ணை மறைத்துக்கொண்டு இறங்கும். அதனால் தலைப்பாகையைத் தொப்பி மாதிரி மாட்டிக் கழற்றும்படி முந்தின நாளே செய்து வைத்துவிட வேண்டும். செய்முறை இதுதான்.

பிள்ளையின் தலைச் சுற்றளவைப் புருவத்துக்கு மேலே, காதுகளை ஒட்டி டேப்பில் எடுங்கள். நான்கைந்து வயதுப் பிள்ளைக்கு ஏறக்குறைய 50 செ.மீ. இருக்கும். சமையலறையில் 16 செ.மீ. அகலமுள்ள ஒரு பாத்திரம் தேடுங்கள், அதன் சுற்றளவும் சுமார் 50 தான். அதைக் கவிழ்த்து வைத்தால் அதுதான் உங்களுக்குத் தலை. பழைய கிரிக்கெட் தொப்பி ஒன்றின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கை வெட்டி எறிந்துவிட்டு, மீதித் தொப்பியைப் பாத்திரத்தின் மேல் மாட்டுங்கள். தொப்பிக்குப் பின்னால் அளவு கூட்டிக் குறைக்கும் பட்டி இருக்குமே, அதை அப்படியே விட்டுவையுங்கள்.

அடுத்தது துணி. துவைத்துத் துவைத்து மெதுவான பழைய நாலு முழ வேட்டியில், நீளவாட்டில் அரை மீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை கிழித்தால், இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத் துணி கிடைக்கும். கஞ்சி போட்ட புது வேட்டி வேண்டாம், வழுக்கும். பட்டையின் ஒரு முனையை விரித்து, தொப்பியின் உச்சி முழுக்க மூடும்படி போர்த்தி, தொப்பியின் விளிம்பில் நாலு தையல் போட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள். மீதித் துணியைக் கயிறு மாதிரி முறுக்காமல், விசிறி மடிப்பாக நாலு விரல் அகலத்துக்கு மடித்துக்கொண்டு சுற்றுங்கள். முறுக்கினால் கனம் ஒரே இடத்தில் ஏறி நெற்றியை அழுத்தும். முதல் சுற்று விளிம்போடு ஒட்டி, அடுத்த சுற்று அதன்மேல் பாதி ஏறி வரவேண்டும். முன்பக்கம் வரும்போது ஒரு சுற்றை இடமிருந்து மேலேற்றியும் அடுத்ததை வலமிருந்து மேலேற்றியும் விட்டால் நெற்றிக்கு நடுவில் மடிப்புகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும். அந்த முன்பக்கம்தான் தலைப்பாகைக்கு முகம், அதற்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஒரு முழம் மிச்சம் வைத்து ஒருபக்கமாகத் தோள்வரை தொங்கவிடுங்கள்.

இப்போது ஊசி. நெற்றி, இரண்டு காது, பிடரி என நாலு இடத்தில், எல்லா மடிப்பும் தொப்பித் துணியோடு சேரும்படி வெள்ளை நூலால் குத்தித் தைக்க வேண்டும். ஊக்கு குத்தவே கூடாது, பிள்ளை தலையில் கைவைத்து அழுத்தும்போது திறந்துகொள்ளும். தைத்து முடித்ததும் பாத்திரத்திலிருந்து எடுத்துப் பிள்ளைக்கு மாட்டி, தலையை நாலு தடவை ஆட்டச் சொல்லுங்கள். ஆடினால் பின்பட்டியை இறுக்கினால் போதும்.

வேட்டிக்கு, இடுப்பிலிருந்து கணுக்காலுக்கு இரண்டு விரல் மேலே வரை அளவெடுத்து, அதற்குமேல் இருப்பதை உள்ளே மடித்துத் தையுங்கள். தரையைத் தொடும் வேட்டியோடு மேடைப்படி ஏறினால் விழுவது நிச்சயம். எலாஸ்டிக் வைத்த டிரவுசர் ஒன்றைப் போட்டு, அதன் இடுப்புப் பட்டியில் வேட்டியை நாலைந்து இடத்தில் தைத்துவிட்டால், பாத்ரூம் போகும்போது டிரவுசரோடு சேர்ந்தே இறங்கும், சேர்ந்தே ஏறும். கடைகளில் வெல்க்ரோ வைத்த குழந்தை வேட்டியும், எலாஸ்டிக் வைத்த பஞ்சகச்சமும் கிடைக்கின்றன. நேரமில்லாதவர்கள் அதையே வாங்கிவிடலாம்.

மீசையை வரைவதுதான் நல்லது. ஒட்டு மீசையின் பசை உதட்டுக்கு மேலே அரிக்கும், பிள்ளை நாக்கால் துழாவிக்கொண்டே இருக்கும், பாதி நேரம் ஒருபக்கம் தொங்கும். ஐப்ரோ பென்சில் வாங்கிக்கொள்ளுங்கள். கண்மை எண்ணெய்ப் பசையோடு இருப்பதால் வியர்வையில் வழிந்து வாயெல்லாம் கறுப்பாகிவிடும். பிள்ளையை ‘உம்’ என்று உதட்டை மூடி வைத்திருக்கச் சொல்லி, மூக்குக்குக் கீழுள்ள பள்ளத்தை விட்டு இருபக்கமும் வெளியே பார்த்த மாதிரி சின்னச் சின்னக் கோடுகளாக இழுங்கள். ஒரே பட்டையாகத் தீட்டினால் ஒட்டிய டேப் மாதிரி இருக்கும். நுனியைக் கன்னத்துப் பக்கம் லேசாக மேலே தூக்கிவிட்டு, பஞ்சில் கொஞ்சம் பவுடர் தொட்டு மேலே ஒற்றினால் மதியம் வரை நிற்கும். தலைமுடிக்கு அடிக்கும் டையால் மீசை வரைகிற வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதைத் தொடவே கூடாது. அதிலுள்ள பிபிடி என்ற ரசாயனம் குழந்தைத் தோலைக் கொப்புளமாக்கிவிடும்.

நெற்றியில் பொட்டு வைத்தால் வேஷம் முடிந்தது. கைக்கு ஏதாவது வேண்டும் என்றால் ஒரு தடி கொடுக்கலாம். 1919இல் காரைக்குடியில் எடுத்த படத்தில் பாரதி தடியோடுதான் நிற்கிறார். தடி பிள்ளையின் நெஞ்சு உயரத்துக்குமேல் போகாமல், நுனியில் துணி சுற்றியதாக இருக்கட்டும். இதே உடையில் தடியை வாங்கிக்கொண்டு ஒரு அட்டைக் கப்பலைக் கொடுத்தால் வ.உ.சி. வேஷத்துக்கும் ஆயிற்று. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியவர் என்று பிள்ளை ஒரு வரி சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

கண்ணன்

மஞ்சள் வேட்டி, மயிற்பீலி, புல்லாங்குழல். பிள்ளைக்கு உடம்பெல்லாம் நீலம் பூசுவதில் எனக்குச் சம்மதமே இல்லை. வாடகை உடையெல்லாம் நீலமாகும், வீட்டு பாத்ரூமும் நீலமாகும், பிள்ளை கண்ணைக் கசக்கி அழும். நெற்றியில் நாமமும் கன்னத்தில் ஒரு மைப்பொட்டும் போதும். கிரீடத்துக்குப் பதில் தலையைச் சுற்றி ஒரு ஜரிகைப் பட்டை கட்டி அதில் பீலியைச் செருகலாம். பீலியின் காம்பை நீளமாக விடாமல், துணியில் இரண்டு இடத்தில் தைத்து, வெட்டிய நுனியில் டேப் சுற்றுங்கள், இல்லாவிட்டால் பக்கத்துப் பிள்ளையின் கண்ணில் குத்தும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முத்துமாலை போடாதீர்கள். நூல் அறுந்தால் முத்து வாய்க்குள் போய்விடும். மண்பானையும் வேண்டாம், சின்ன பிளாஸ்டிக் குடத்தில் மண்கலர் அடித்து, வாய்ப்பக்கம் பஞ்சு வைத்தால் வெண்ணெய்.

காய்கறி, சிக்னல், மரம்

அட்டை வேஷத்துக்குச் சூத்திரம் ஒன்றுதான்: முன்னால் ஒரு அட்டை, பின்னால் ஒரு அட்டை, இரண்டு தோளிலும் அகலமான ரிப்பன். கடையில் கிடைக்கும் முழுச் சார்ட் ஏறக்குறைய 56 செ.மீ. அகலம், 71 செ.மீ. நீளம். ஒரு மீட்டர் உயரமுள்ள பிள்ளைக்கு அதை அப்படியே மாட்டினால் முழங்காலில் இடிக்கும். தோளிலிருந்து தொடையின் பாதி வரை அளவெடுத்து, அந்த நீளத்துக்கு வெட்டுங்கள். அகலம் தோளைவிட நாலு விரல் அதிகம் போதும். கை தாராளமாக ஆட வேண்டும். தெர்மாகோல் உடைந்து உதிரும், சார்ட் மட்டும் என்றால் மடங்கும். இரண்டுக்கும் நடுவே ஃபோம் ஷீட் இருக்கிறது. ஸ்டேஷனரிக் கடையில் எல்லா நிறத்திலும் கிடைக்கும், சாதாரணக் கத்தரியிலேயே வெட்டலாம், விளிம்பு கையைக் கீறாது. குளூ கன் வைத்து ஒட்டினால் பிடிப்பு நன்றாக இருக்கும், ஆனால் அந்த வேலை பிள்ளை தூங்கிய பிறகு. அந்தப் பசை தோலில் பட்டால் சுட்டுவிடும்.

முகத்துக்கு ஓட்டை போட்டு முகத்தையே அட்டைக்குள் வைப்பதைத் தவிருங்கள். பக்கவாட்டில் எதுவும் தெரியாமல் பிள்ளை மேடை விளிம்புக்குப் போய்விடும். கத்தரிக்காயின் பச்சைக் காம்பை ஹேர்பேண்டில் ஒட்டித் தலையில் வைத்தால் வேஷம் முழுசாகிவிடும். உள்ளே அதே நிறத்தில் டி-ஷர்ட்டும் பேண்டும் இருந்தால் அட்டை சின்னதாக இருந்தாலும் எடுபடும். அட்டை மாட்டினால் பிள்ளையால் உட்கார முடியாது. அதனால் பெயர் கூப்பிடுவதற்கு ஐந்து நிமிடம் முன்னால்தான் மாட்ட வேண்டும். அட்டையின் பின்னால் பிள்ளை பெயரும் வகுப்பும் பெரிதாக எழுதிவையுங்கள்.

தோலும் நெருப்பும்

முகத்துக்குப் போடும் எந்த நிறத்தையும் முந்தின நாளே முழங்கை மடிப்பின் உள்பக்கம் ஒரு ரூபாய் நாணய அளவுக்குத் தடவி ஒரு நாள் பாருங்கள். சிவந்தாலோ அரித்தாலோ விட்டுவிடுங்கள். போஸ்டர் கலர், ஃபேப்ரிக் பெயிண்ட், அக்ரிலிக் எதுவும் முகத்துக்கு ஆகாது. டப்பாவில் நச்சு இல்லை என்று போட்டிருப்பது காகிதத்தில் தீட்டுவதற்குச் சொன்னது. ஜிகினாத் தூளைக் கண் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

கழுத்தைச் சுற்றி நாடாவால் முடிச்சுப் போடும் அங்கி, மாலை எதுவும் வேண்டாம். யாராவது பின்னாலிருந்து இழுத்தால் கழுத்தை நெரிக்கும். இழுத்ததும் பிரிந்துவிடும் வெல்க்ரோ வையுங்கள், அல்லது இரண்டு தோளிலும் தையுங்கள். பல விழாக்கள் குத்துவிளக்கு ஏற்றித்தான் தொடங்கும். நெட், சாட்டின், நைலான் துணிகளில் தீப்பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். வேஷம் போட்ட பிள்ளைகளை விளக்குப் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். செருப்பும் கவனம்: பழகாத புதுச் செருப்பைவிட வெறுங்கால் மேல், பழைய செருப்பு அதைவிட மேல்.

ஒத்திகை, அப்புறம் அந்தக் காலை

முந்தின நாள் சாயங்காலம் முழு வேஷத்தையும் போட்டு அரை மணி நேரம் விளையாடவிடுங்கள். கண்ணாடியில் தன்னைப் பார்த்துப் பிள்ளை சிரித்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. எங்கே சொரிகிறது, எதை இழுக்கிறது என்று பாருங்கள், ராத்திரியே சரிசெய்துவிடலாம். அரிக்கும் லேஸுக்கு உள்ளே பழைய பனியன் துணியை ஒட்டுத் தையல் போட்டால் சரியாகிவிடும். வேஷத்தோடு ஒரு தடவை பாத்ரூமும் போய்வரட்டும்.

வசனம் இரண்டு வரி போதும். முதல் வரியில் ‘நான் இன்னார்’, இரண்டாவது வரியில் அவர் செய்த ஒரு காரியம். எட்டு வரி மனப்பாடம் செய்யவைத்தால் நாலாவது வரியில் பிள்ளை அம்மாவைத் தேடும். மைக்கை அருகில் பார்த்ததும் மிரளும் பிள்ளைகள் நிறைய. கரண்டியை மைக் மாதிரி பிடித்துப் பழக்குங்கள். காற்றில் கைவீசிச் சொல்லிக்கொடுக்கும் சினிமா வசனத்தைவிட, பிள்ளை தன் குரலில் சொல்லும் ஒரு வரி கேட்க நன்றாக இருக்கும்.

காலையில் முதலில் சாப்பாடு, பிறகுதான் உடை, கடைசியில் மீசை. இட்லி சாப்பிட்டால் சட்னி சட்டையில் விழும் என்பதால் பழைய சட்டையோடு ஊட்டிவிடுங்கள். காமராஜர் சட்டையில் தேங்காய்ச் சட்னிகூடத் தெரியாது, தக்காளிச் சட்னிதான் ஆபத்து. பையில் வைக்க வேண்டியவை: ஊசி நூல், ஐந்தாறு ஊக்கு, இரண்டுபக்கமும் ஒட்டும் டேப், ஐப்ரோ பென்சில், ஈரத்துணி, தண்ணீர், ஸ்ட்ரா, மாற்று ஜட்டியும் சட்டையும். ஸ்ட்ரா எதற்கு என்றால், மீசை அழியாமல் தண்ணீர் குடிக்க. பிஸ்கட் கொடுக்கலாம், சாக்லேட் வேண்டாம்.

மேடை ஏறமாட்டேன் என்று பிள்ளை கடைசி நேரத்தில் அழுதால் வற்புறுத்தித் தள்ளிவிடாதீர்கள். ஆசிரியை கையைப் பிடித்துக்கொண்டு வரட்டும், அதுவும் முடியாவிட்டால் கீழே இறக்கி வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பரிசுப் பட்டியல் பெரும்பாலும் நீளமாகத்தான் இருக்கும், கலந்துகொண்டதற்கே ஒரு சான்றிதழ் கொடுத்துவிடுவார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மீசையை சோப்புப் போட்டுத் தேய்க்காமல், பஞ்சில் தேங்காயெண்ணெய் தொட்டு ஒரு நிமிடம் ஊறவிட்டுத் துடையுங்கள், பிறகு முகம் கழுவலாம். வாடகை உடையைத் துவைக்கலாமா என்று கடையில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஜரிகை, கல் ஒட்டிய உடைகள் தண்ணீரில் போனால் கல்லெல்லாம் வாளிக்குள் கிடக்கும், முன்பணமும் போய்விடும். சொன்ன நாளில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், தாமதமானால் இன்னொரு நாள் வாடகை கேட்பார்கள். தலைப்பாகையை மட்டும் அலசி, அந்த 16 செ.மீ. பாத்திரத்தின் மேலேயே கவிழ்த்துக் காயவைத்தால் உருவம் கெடாது. காய்ந்ததும் உள்ளே பழைய நியூஸ்பேப்பரைச் சுருட்டித் திணித்து, வேப்பிலையோடு ஒரு துணிப்பையில் போட்டுக் கட்டிவையுங்கள். டிசம்பர் வந்தால் பக்கத்து வீட்டிலிருந்து கேட்டு வருவார்கள்.